பாரில் இறங்கும் தூண்டில்

கன்னியாகுமரிக்குத் தெற்கே கடல் உடனே ஆழமாகிவிடுவதில்லை. சுமார் 10,000 சதுர கிலோமீட்டருக்கு அடித்தரை மேடிட்டுக் கிடக்கிறது. பெரும்பகுதி 200 மீட்டருக்கும் குறைந்த ஆழம்தான். வரைபடங்களில் வெட்ஜ் பேங்க் என்று காணப்படும் இந்த மேடு, 1976இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட கடல் எல்லை உடன்பாட்டில் பெயர் சொல்லி இடம்பெறும் அளவுக்கு மீன்வளம் மிக்கது. அதற்கும் கரைக்கும் நடுவே கடலடிப் பாறைத் திட்டுகள் பல உண்டு. பார் என்பார்கள். கலவாவும் விளமீனும் அந்தப் பாறைகளின் இடுக்கிலும் ஓரத்திலும் வாழ்கின்றன. அங்கே இழுவலையைப் போட்டால் ஒன்று வலை கிழியும், அல்லது பார் சிதையும். தூண்டிலால் அந்தச் சேதம் இல்லை. தெற்குக் கரையில் தூண்டில் தொழில் இன்றும் செழிப்பாக நடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் நூற்றுக்கணக்கான முட்கள் தொங்கும் ஆயிரங்கால் தூண்டிலோடு ஆழ்கடலுக்குப் போய்வருபவர்கள். நாம் இங்கே பார்க்கப் போவது அதன் எளிய உறவு: ஒருவர் கையால் பிடித்துத் தரைவரை இறக்கும் அடித்தூண்டில்.

நைலான் நரம்பு, ஈயம், முள் என்று மூன்றே பொருள்கள். ஆனால் இவற்றை எப்படி இணைக்கிறோம் என்பதில்தான் தொழில் இருக்கிறது. முப்பது பாகத்துக்குக் கீழே (ஒரு பாகம் என்பது விரித்த இரு கைகளின் நீளம்) நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஈயம் மணலில் உட்கார்ந்ததா, பாறையில் மோதியதா, இரையைக் கொத்தியது சிறு மீனா, பெரிய கலவாவா என்பதையெல்லாம் ஆட்காட்டி விரல்தான் அறிய வேண்டும். அதோடு, பாரில் தூண்டில் சிக்காமல் இருக்காது. எனவே அடித்தூண்டிலைக் கட்டுகிறவர் கரையில் இருக்கும்போதே ஒரு கேள்விக்கு விடை வைத்திருக்க வேண்டும்: கீழே சிக்கினால் இதில் எது முதலில் அறுபட வேண்டும்? நல்ல கட்டு, மோசமான கட்டு என்ற வேறுபாடு எல்லாம் இந்த ஒரு கேள்வியில் வந்து முடிவதாகவே எனக்குப் படுகிறது.

முதலில் இடம். ஜிபிஎஸ் வருமுன் தென்கரை மீனவர்கள் கணியம் பார்த்துப் பாரைக் கண்டுபிடித்தார்கள். மலை உச்சி ஒன்றும் கோயில் கோபுரம் ஒன்றும் ஒரே நேர்கோட்டில் வருமாறு படகைச் செலுத்துவது, வேறொரு திசையில் இன்னொரு சோடி அடையாளங்கள் நேராகும் இடத்தில் நிறுத்துவது. இரண்டு கோடுகள் வெட்டும் புள்ளியின் கீழே பார். தனக்குத் தெரிந்த கணியத்தை மகனுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்த தகப்பன்மார்கள் இருந்திருக்கிறார்கள் என்றால் அந்த அறிவின் மதிப்பு புரியும்.

அடுத்தது ஈயம். கல்லைக் கட்டியும் தூண்டில் இறக்கலாம், நெடுங்காலம் அப்படித்தான் இறக்கினார்கள். ஆனால் நீருக்குள் போனதும் எல்லாப் பொருளும் தான் விலக்கிய நீரின் எடையை இழக்கிறது. ஒரு கிலோ கருங்கல் கடலுக்குள் 620 கிராம் அளவுக்குத்தான் இழுக்கும். ஒரு கிலோ ஈயம் 910 கிராம் இழுக்கும். ஈயம் செய்யும் வேலையைக் கல் செய்ய வேண்டுமானால் ஆறு மடங்கு பருமனுள்ள கல் தேவை. அந்தப் பருமனை நீரோட்டம் பிடித்துத் தள்ளும். ஈயம் 327 டிகிரி செல்சியசிலேயே உருகிவிடுவதால் சிறு அச்சில் வேண்டிய வடிவத்தில் வார்த்துக்கொள்ளவும் முடிகிறது. மணல் தரைக்குத் தட்டையான அல்லது முனைகள் உள்ள ஈயம் நல்லது, ஓரிடத்தில் பிடித்து நிற்கும். பாருக்கு உருண்டையோ நீண்ட துளி வடிவமோ நல்லது, இடுக்கில் மாட்டினாலும் நழுவி வரும். ஆனால் ஈயம் நஞ்சு. தூண்டில் ஈயத்தை விழுங்கி அன்னங்கள் செத்ததால் பிரிட்டனில் 1987 முதல் சிறிய ஈயக் குண்டுகளுக்குத் தடை இருக்கிறது. வீட்டு அடுப்பில், குழந்தைகள் நடமாடும் இடத்தில் ஈயம் உருக்குவதை நாமும் விட்டுவிட வேண்டும்.

எவ்வளவு ஈயம் என்பதை மீன் தீர்மானிப்பதில்லை, நீவாடுதான் தீர்மானிக்கிறது. நீவாடு என்றால் தென்கரையில் நீரோட்டம். நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் நீர் ஓடுகிறது, ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள நரம்பு 60 மீட்டர் ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், நரம்பின்மேல் மட்டும் முக்கால் கிலோ எடைக்கு மேற்பட்ட தள்ளுவிசை விழுகிறது. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுவிசை நான்கு மடங்காகும். நரம்பின் பருமனைப் பாதியாக்கினால் தள்ளுவிசையும் பாதியாகும். ஆகவே நீவாடு கடுமையாக இருக்கும் நாளில் ஈயத்தைக் கூட்டிக்கொண்டே போவதைவிட, மெல்லிய நரம்புக்கு மாறுவது அறிவு. மெல்லிய நரம்பு சீக்கிரம் அறும், அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இனி இணைப்பு. பாருக்கு ஏற்ற அமைப்பில் ஈயம்தான் எல்லாவற்றுக்கும் கீழே இருக்கும். அதற்கு ஒன்றரை, இரண்டு அடி மேலே பக்கவாட்டில் ஒரு கிளை நரம்பு, அதில் முள். இன்னும் மேலே மற்றொரு கிளை. ஈயம் பாறையைத் தட்டும், முட்கள் பாறைக்கு மேலே மிதந்து நிற்கும். கிளை ஒவ்வொன்றும் அரை அடி முதல் ஓர் அடி வரை போதும். இரண்டு கிளைகளுக்கு நடுவே உள்ள தூரம், அவற்றின் நீளங்களைக் கூட்டினால் வருவதைவிட அதிகமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இறங்கும்போதே இரண்டு முட்களும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். கிளைக்குச் சற்று விறைப்பான நரம்பைப் போட்டால் தாய் நரம்பில், அதாவது கைக்கு வரும் முதன்மை நரம்பில், சுற்றிக்கொள்ளாமல் விலகி நிற்கும்.

மணல் தரைக்கு வேறு அமைப்பு. நடுவில் துளையுள்ள ஈயத்தைத் தாய் நரம்பில் கோத்து, கீழே ஸ்விவல் என்னும் சுழலும் இணைப்பு ஒன்றைக் கட்டி, அதிலிருந்து மூன்று நான்கு அடி நரம்பும் முள்ளும் விடுவார்கள். மீன் இரையை எடுத்துக்கொண்டு நகரும்போது நரம்பு ஈயத்தின் துளை வழியே ஓடும். மீனுக்கு எடை தெரியாது, அதனால் துப்பாது. இதே அமைப்பைப் பாரில் இறக்கினால் முள் தரையோடு கிடந்து முதல் இடுக்கிலேயே மாட்டும்.

கிளை கட்டுவதற்கு, நரம்பை எங்கும் வெட்டாமலே போடக்கூடிய ஒரு முடிச்சு இருக்கிறது. தாய் நரம்பில் கிளை வேண்டிய இடத்தில் கையகல வளையம் ஒன்று போடுங்கள். வளையமும் நரம்பும் சந்திக்கும் இடத்தில் ஒன்றை மற்றொன்றின்மேல் ஆறேழு முறை முறுக்குங்கள். முறுக்கின் நட்ட நடுவில் விரலால் ஒரு இடைவெளியைத் திறந்து பிடித்து, வளையத்தின் எதிர்ப்பக்க விளிம்பை அதன் வழியே வெளியே இழுங்கள். அதைப் பல்லால் கடித்துக்கொண்டு, தாய் நரம்பின் இரு முனைகளையும் மெதுவாக விரித்து இழுத்தால் முறுக்குகள் இருபுறமும் அடுக்கடுக்காக இறுகும், நடுவில் வளையம் செங்குத்தாக நிற்கும். அந்த வளையத்தில் முள்ளை மாட்டலாம், கிளையையும் கட்டலாம்.

எந்த முடிச்சையும் இறுக்குமுன் நனைக்க வேண்டும். எச்சில் போதும். நைலான் மேல் நைலான் உரசும்போது வெப்பம் உண்டாகிறது. உலர்ந்த நரம்பை வெடுக்கென்று இழுத்தால் அந்த இடம் கருகிச் சுருண்டு பலம் குன்றிவிடும். முடிச்சு என்பதே நரம்பின் பலவீனமான இடம். வளைவின் வெளிப்புறம் இழுபடுகிறது, உட்புறம் நசுங்குகிறது. நாம் சாதாரணமாகப் போடும் ஒற்றை முடிச்சு நரம்பின் பலத்தில் ஏறக்குறைய பாதியைத் தின்றுவிடும். பல சுற்றுகள் உள்ள முடிச்சில் வளைவு மென்மையாகி, விசை பல இடங்களில் பகிரப்படுகிறது. முள்ளின் காதில் நரம்பைச் செலுத்தி, ஐந்தாறு முறை சுற்றி, முதல் வளையத்துக்குள் முனையைத் திருப்பி விட்டு இறுக்குவது இந்தக் காரணத்துக்காகத்தான். காது இல்லாமல் தண்டின் நுனி தட்டையாக்கப்பட்ட முட்களுக்குத் தண்டின் மேலேயே நரம்பைச் சுற்றிக் கட்டுவார்கள். இழுவை தண்டின் நேர்கோட்டில் விழுவதால் எனக்கு இந்தக் கட்டின்மேல் நம்பிக்கை அதிகம்.

முன்பு கேட்ட கேள்விக்கு இப்போது வரலாம். தாய் நரம்பு 40 கிலோ தாங்கும் என்றால் கிளை 30 கிலோ தாங்கட்டும், ஈயத்தைக் கட்டும் துண்டு நரம்பு மட்டும் 10 கிலோவுக்கு மேல் தாங்கக் கூடாது. பாரில் மாட்டுவது பெரும்பாலும் ஈயம். இழுத்தால் மெல்லிய துண்டு அறும், ஈயம் மட்டும் போகும், முள்ளும் அதில் மீன் இருந்தால் மீனும் மேலே வரும். எல்லா இடத்திலும் ஒரே நரம்பைப் போட்டுக் கட்டினால் எங்கே அறும் என்று சொல்ல முடியாது. பல நாள் உழைத்துப் பழசான தாய் நரம்பு நடுவில் அறுந்தால் நாற்பது, ஐம்பது மீட்டர் நைலான் பாரில் சுற்றிக்கொள்ளும். அது மக்கவும் மக்காது, பவளத்தையும் மீனையும் நெரித்துக்கொண்டு அங்கேயே கிடக்கும். பாரை நம்பிப் பிழைப்பவர் செய்யக்கூடாத காரியம் அது.

முள்ளைப் பற்றி. ஒகினாவாவின் சாகிதாரி குகையில் கிடைத்த, கடல் நத்தை ஓட்டில் செய்த தூண்டில் முட்கள் சுமார் 23,000 ஆண்டுகள் பழையவை. இன்று நாம் பார்க்கும் முள்ளில் இரு வகை. ஒன்றின் கூர் மேல்நோக்கி நிற்கும், கொத்தியதும் சுண்டி இழுக்க வேண்டும். மற்றொன்று வட்ட முள், கூர் உட்புறமாகத் தண்டை நோக்கி வளைந்திருக்கும். மீன் அதை விழுங்கினாலும், நரம்பை மெதுவாக இழுக்கும்போது முள் எதிலும் குத்தாமல் வெளியே வழுக்கி வந்து வாயின் ஓரத்தில் திரும்பி மாட்டும். சுண்டினால் வெறுமனே வெளியே வந்துவிடும். பசிபிக்கின் ஹாலிபட் மீனவர்கள் 1980களில் இந்த முள்ளுக்கு மாறினார்கள், பிடிப்பு கூடியது. பாருக்கு இது இன்னொரு வகையிலும் உகந்தது. கூர் உள்ளே திரும்பியிருப்பதால் பாறையில் எளிதில் மாட்டாது. கணவாய்த் துண்டோ சாளையோ கோக்கும்போது கூருக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள வாயை இரையால் அடைக்காமல் விட்டால் போதும்.

ஈயம் தரை தொட்டதும் நரம்பு தளரும். உடனே ஒரு பாகம் தூக்கிப் பிடிக்க வேண்டும். நைலான் இழுபடும் பொருள். 60 மீட்டர் நரம்பு பெரிய மீனின் இழுப்பில் சில மீட்டர் நீளும். அந்த நீட்சி கையைக் காப்பாற்றும், ஆனால் சிறு கொத்தலை விழுங்கிவிடும். நீளாத பின்னல் நூல் எல்லாவற்றையும் விரலுக்குச் சொல்லும், பாறையில் உரசினால் சட்டென்று அறும். அதனால் தாய் நரம்புக்குப் பின்னல் நூலும், தரைக்கு அருகே உள்ள கடைசிச் சில பாகங்களுக்குத் தடித்த நைலானும் என்று கலந்து கட்டுவதே எனக்குச் சரியாகத் தோன்றுகிறது. கலவா கொத்தினால் முதல் இரண்டு பாகம்தான் போராட்டம். அதற்குள் மேலே தூக்காவிட்டால் அது இடுக்குக்குள் புகுந்து செவுளை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

மேலே வந்த மீன் எல்லாமே வைத்துக்கொள்ளத் தக்கவை அல்ல. கலவா பெண்ணாக வளர்ந்து, வயது கூடியபின் சில மட்டும் ஆணாக மாறும் மீன். குஞ்சையும் பிடித்து, முதியதையும் பிடித்துவிட்டால் பாரில் முட்டைக்கும் ஆணுக்கும் பஞ்சம். அவற்றைத் திரும்ப விட வேண்டும். ஆனால் 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் நான்கு மடங்கு. அங்கிருந்து வேகமாகத் தூக்கிய கலவாவின் காற்றுப்பை ஊதி, இரைப்பை வாய்வழியே பிதுங்கி நிற்கும். அப்படியே கடலில் விட்டால் கீழே போக முடியாமல் மிதந்து செத்துப்போகும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. மெக்சிகோ வளைகுடாவில் பார் மீன் பிடிப்பவர்கள் காற்றுப்பைக் காற்றை வெளியேற்றும் ஊசியையோ மீனைத் திரும்ப இறக்கும் கருவியையோ படகில் வைத்திருக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இறக்கும் கருவிகளில் எளிமையானதை நாமே செய்யலாம். கூருக்குப் பின்னே செதிள் என்னும் எதிர்முள் இல்லாத பெரிய முள் ஒன்றைத் தலைகீழாகக் கனத்த ஈயத்தோடு கட்ட வேண்டும், நரம்பு முள்ளின் வளைவிலிருந்து மேலே வர வேண்டும். மீனின் கீழுதட்டில் அதை மாட்டிக் கடலில் இறக்கினால் ஈயம் மீனைக் கீழே இழுத்துப் போகும். ஆழம் கூடக்கூடக் காற்றுப்பை சுருங்கி மீன் பழைய நிலைக்கு வரும். தரை நெருங்கியதும் நரம்பை ஒரு சுண்டு சுண்டினால் முள் உதட்டிலிருந்து கழன்றுவிடும்.