வலிக்கும் முன்பே வாயைக் காட்டுவோம்

மலாயா விடுதலை பெற்ற 1957-ஆம் ஆண்டில் ஜொகூரில் ஒரு பொதுச் சுகாதாரப் பணியும் தொடங்கியது. குழாய் வழியே வீடுகளுக்குப் போகும் குடிநீரில், பல் சொத்தையைத் தடுப்பதற்காக மிகச் சிறிய அளவில் புளோரைடு சேர்க்கப்பட்டது. இந்நாட்டில் இதை முதலில் செய்த மாநிலம் ஜொகூர்தான். 1972-இல் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிறகு தீபகற்ப மலேசியாவின் மற்ற மாநிலங்களுக்கும் இத்திட்டம் விரிந்தது.

ஆனாலும் 2010-இல் நடந்த பெரியவர்களுக்கான தேசிய வாய் நல ஆய்வில், ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் சொத்தையால் பாதிக்கப்பட்டிருந்தார்கள். 94 விழுக்காட்டினருக்கு ஈறில் ஏதாவது ஒரு கோளாறு இருந்தது. தண்ணீரிலேயே காப்பு இருந்தும் பல் ஏன் கெடுகிறது? சொத்தை, ஈறு நோய், வாய்ப் புற்றுநோய் ஆகிய மூன்றுமே வலியில்லாமல் தொடங்குபவை. நம்மில் பலரோ வலி வந்த பிறகுதான் பல் மருத்துவரைத் தேடுகிறோம். நோய்க்குத் தேவையான அவகாசத்தை நாமே கொடுத்துவிடுகிறோம்.

சொத்தை எப்படி விழுகிறது?

பல்லின் மேல் எப்போதும் ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்தில் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. நாம் சாப்பிடும் சர்க்கரையை அவை அமிலமாக்குகின்றன. வாயின் பிஎச் அளவு ஏறக்குறைய 5.5-க்குக் கீழே போனதும் எனாமல் எனப்படும் பல்லின் மேலுறையில் இருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். பிறகு உமிழ்நீர் அந்த அமிலத்தை மெல்ல ஆற்றி, இழந்த தாதுக்களில் ஒரு பகுதியைப் பல்லுக்குத் திருப்பிக் கொடுக்கும். இதற்கு அரை மணி நேரம், சில வேளை அதற்கு மேலும் ஆகும்.

எவ்வளவு இனிப்பு சாப்பிடுகிறோம் என்பதோடு, எத்தனை தடவை சாப்பிடுகிறோம் என்பதும் இதனால்தான் முக்கியமாகிறது. காலையில் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக், பத்து மணிக்கு மைலோ, மதியம் சிரப் பண்டுங், மாலையில் மீண்டும் தேநீரும் பிஸ்கட்டும் என்று போனால், உமிழ்நீர் பல்லைச் சரிசெய்ய இடைவெளியே கிடைப்பதில்லை. பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தையின் முன்பற்கள் கறுத்துக் கரைவதும் இதே காரணத்தால்தான். தூக்கத்தில் உமிழ்நீர் மிகக் குறைவாகவே சுரக்கும்.

மலேசிய அரசு 2019 ஜூலை முதல் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் கலால் வரி விதித்தது. இப்போது அது 90 சென். ஆனால் இந்த வரி கடையில் அடைத்து விற்கும் பானங்களுக்குத்தான். உணவகத்தில் கலக்கிக் கொடுக்கும் தேநீரின் இனிப்பைக் குறைக்க வேண்டியவர் குடிப்பவரே. ‘தே ஓ கோசோங்’ என்று கேட்டு வாங்கும் பழக்கம் பல்லுக்கும் நல்லது, நீரிழிவுக்காரருக்கும் நல்லது.

சொத்தையின் முதல் அடையாளம் சுண்ணாம்பு பூசியது போன்ற வெள்ளைத் திட்டு. இந்தக் கட்டத்தில் புளோரைடு பற்பசையும் உணவுக் கட்டுப்பாடும் அதைத் தடுத்து நிறுத்தலாம், சில வேளை மாற்றியும் விடலாம். ஓட்டை விழுந்துவிட்டால் அடைக்கத்தான் வேண்டும். அதையும் விட்டால் கிருமி பல்லின் உள்ளே இருக்கும் நரம்பை எட்டும். அப்போதுதான் இரவில் தூங்க விடாத வலி வரும். கிராம்பு எண்ணெயும் வலி மாத்திரையும் அந்த நேரத்துக்கு வலியைக் குறைக்கும், கிருமியைக் கொல்லாது. சில நாளில் வலி தானாக நின்றுவிட்டால் பலர் நிம்மதி அடைகிறார்கள். உள்ளே நரம்பு செத்துப்போனதால்கூட வலி நின்றிருக்கலாம். அதன் பிறகு வேரின் நுனியில் சீழ் கட்டும். தாடைக்கடியில் வீக்கம், காய்ச்சல், விழுங்க முடியாமை, மூச்சுத் திணறல் இருந்தால் அது உயிருக்கே ஆபத்து. அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

தண்ணீரில் எவ்வளவு புளோரைடு?

புளோரைடு எனாமலில் சேர்ந்து அமிலத்தை எதிர்க்கும் வலுவைக் கூட்டுகிறது. கரைந்த தாதுக்கள் திரும்பிச் சேரவும் உதவுகிறது. மலேசியாவில் முன்பு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் என்று இருந்த அளவு 2005-இல் 0.5 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. பற்பசையிலும் புளோரைடு வந்துவிட்டதால், குழந்தைகளின் பல்லில் வெள்ளைத் திட்டுகள் விழும் புளோரோசிஸைக் குறைக்கவே இந்த மாற்றம்.

அளவு மிஞ்சினால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாட்டின் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் காட்டின. அங்கே நிலத்தடி நீரில் இயற்கையாகவே புளோரைடு மிகுந்து, பல் பழுப்பேறியது, எலும்பும் பாதிக்கப்பட்டது. அதற்காகவே காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். நம் குழாய் நீருக்கு வகுத்த அளவு அதில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே பயப்பட வேண்டியதில்லை.

வீட்டில் வடிகட்டி வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மண்ணையும் குளோரின் வாடையையும் நீக்கும் சாதாரண வடிகட்டிகள் புளோரைடைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஆர்.ஓ. எனப்படும் ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ் கருவி அதில் பெரும்பகுதியை நீக்கிவிடும். அந்தத் தண்ணீரையே குடித்து வளரும் பிள்ளைகளுக்குப் புளோரைடு பற்பசை இன்னும் அவசியம்.

ஈறில் ரத்தம்

பல் துலக்கும்போது ரத்தம் வந்தால் பலர் அந்த இடத்தைத் தொடாமல் விடுகிறார்கள். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது. அழுக்குப் படலம் தங்கியதால்தான் ஈறு வீங்கி ரத்தம் கசிகிறது. மென்மையாக ஆனால் முழுமையாகத் துலக்கினால், தொடக்க நிலை ஈறு அழற்சி சில வாரங்களில் அடங்கும். படலம் இறுகிக் காரையாகிவிட்டால் பிரஷ்ஷால் எடுக்க முடியாது. பல் மருத்துவர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். அப்படியே விட்டால் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து, சொத்தையே இல்லாத பல்கூட ஆடி விழும். புகைப்பவருக்கு ரத்தக் கசிவு குறைவாகத் தெரியும் என்பதால் நோய் மறைந்தே வளரும்.

ஈறு நோயும் நீரிழிவும் ஒன்றையொன்று மோசமாக்குபவை. ரத்தச் சர்க்கரை கூடினால் ஈறு சீக்கிரம் கெடும். ஈறு அழற்சி நீடித்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். 2019-இன் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடமே மிக அதிகம். நீரிழிவு மாத்திரை எடுக்கும் ஒவ்வொருவரும் கண்ணையும் காலையும் சோதிப்பது போல ஈறையும் சோதிக்க வேண்டும்.

வெற்றிலைப் பெட்டியும் புற்றுநோயும்

ஜொகூரின் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் வாழ்ந்த நம் பாட்டிமார் பலர் வெற்றிலை பாக்குப் போட்டே வளர்ந்தவர்கள். விருந்திலும் திருமணத்திலும் தாம்பூலம் நம் மரியாதை. ஆனால் நாள்தோறும் மெல்லுவதன் விளைவை மறைக்கக் கூடாது. புகையிலை சேர்த்த வெற்றிலை மட்டுமல்ல, புகையிலை சேர்க்காததும், பாக்கு தனியாகவும்கூட மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கை உறுதி செய்தது.

1993-94-இல் மலேசியா முழுவதும் 11,697 பேரின் வாயைச் சோதித்த ஆய்வில், புற்றுநோய்க்கு முந்திய மாற்றங்கள் இந்தியரில் 4 விழுக்காட்டினரிடமும் சீனரில் அரை விழுக்காட்டினரிடமும் காணப்பட்டன. இந்த இடைவெளி நம் சமூகத்துக்கு ஓர் எச்சரிக்கை.

துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, இரண்டு வாரம் ஆகியும் ஆறாத புண், காரம் பட்டதும் எரிச்சல், வாய் திறப்பது நாளுக்கு நாள் குறைவது, கழுத்தில் கட்டி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே காட்டுங்கள். தொடக்கத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலோரைக் காப்பாற்றிவிடலாம். முற்றிய பிறகு நாக்கையோ தாடையையோ இழந்தும் உயிர் தப்பாமல் போகலாம்.

என்ன செய்ய வேண்டும்?

நாளுக்கு இரண்டு முறை, அதிலும் படுக்கப் போகுமுன் கட்டாயம், புளோரைடு பற்பசையால் துலக்குங்கள். துலக்கியபின் நுரையைத் துப்புங்கள். நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் புளோரைடு போய்விடும். மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவு பசை, ஆறு வயது வரை பட்டாணி அளவு போதும். பல்லுக்கு நடுவே நூலோ சிறு பிரஷ்ஷோ போடுங்கள். பொய்ப்பல் வைத்திருப்போர் இரவில் கழற்றிக் கழுவி வையுங்கள். வெற்றிலை போடுபவர்கள் முதலில் புகையிலையையும் பாக்கையும் விடுங்கள்.

நாட்டின் பள்ளிப் பல் சேவைக்கு வேர் பழையது. 1949-இலேயே பினாங்கில் பல் தாதியருக்கான பயிற்சி தொடங்கியது. இன்றும் பல் சிகிச்சைக் குழுக்கள் தமிழ்ப்பள்ளிகள் உட்பட எல்லாப் பள்ளிகளுக்கும் வருகின்றன. பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவரும் ஒப்புதல் கடிதத்தில் தயங்காமல் கையெழுத்திடுங்கள். பெரியவர்களுக்கு அரசு பல் கிளினிக்கில் கட்டணம் மிகக் குறைவு. சிக்கலான நோயை அங்கிருந்தே மருத்துவமனையின் வாய் அறுவை நிபுணரிடம் அனுப்புவார்கள்.

வீட்டில் வெற்றிலை போடும் பாட்டியோ, நீரிழிவுள்ள அப்பாவோ, பால் புட்டியோடு தூங்கும் குழந்தையோ இருந்தால், வலி வரும் வரை காத்திருக்காதீர்கள். இந்த மாதமே ஒரு நாளைக் குறித்து அவர்களைப் பல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.