பொன்னாடையும் உண்டியலும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் பள்ளிக்கரணையைச் சூழ்ந்தபோது, எங்கள் தெருவினரைப் படகில் ஏற்றிக் காத்தார் மீனவர் ஒருவர். மறு ஆண்டு அவருக்குப் பாராட்டு விழா எடுத்தோம். ஆதரவற்ற பிள்ளைகளுக்கு நிதி திரட்டுவதும் விழாவின் நோக்கம். பொன்னாடைகள் குவிந்தன; உண்டியலோ காலியாகவே இருந்தது. இல்லத்துச் சிறுவன் ஒருவனை மேடையேற்றி, நோட்டுப் புத்தகம் கொடுத்துப் படம் பிடித்தோம். அவன் தலை நிமிரவே இல்லை. அவனைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றவன் நான்தான்.

"இந்தத் துணிக்கு ஆன காசைப் பிள்ளைங்களுக்கே குடுத்திருக்கலாமே!" என்றார் மீனவர். தம் சட்டைப் பையில் இருந்ததை உண்டியலில் இட்டார். பிறகுதான் மற்றவர் கைகளும் நீண்டன.

காரணம் என்ன? 'பணம் போய்ச் சேருமா?' என்பதே கொடுப்பவரின் முதல் ஐயம். தாம் முதலில் கொடுக்கும் நல்லவரே அந்த ஐயத்தைத் தீர்க்கிறார்.

'பாலம்' கல்யாணசுந்தரம் அவர்களை எண்ணிப் பாருங்கள். ஸ்ரீவைகுண்டம் குமரகுருபர சுவாமிகள் கலைக் கல்லூரியில் நூலகராக இருந்தவர். தம் சம்பளத்தை ஏழைப் பிள்ளைகளுக்கு ஈந்துவிட்டு, வேறு வேலை செய்து உண்டவர். ஓய்வு பெற்றபின் கொடுப்போரையும் இல்லாதோரையும் இணைக்கப் 'பாலம்' அமைத்தார். 2023இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது.

மாணவ நண்பர்களே! விழா எடுப்போம்; நல்லோரைப் போற்றுவோம். ஆனால் ஒரு பொன்னாடை போதும். வரவு செலவை எல்லோரும் காணப் பலகையில் எழுதுவோம். பிள்ளையை மட்டும் மேடையேற்ற வேண்டா. பாராட்டு ஊரறிய நடக்கட்டும். உதவி ஓசையின்றிச் சென்று சேரட்டும்.