சிரிப்பின் இலக்கணம் – 11: ராஜா வேஷம் கட்டிய ‘ன்’

போடிநாயக்கனூரில் விடிவதற்கு முன்பே ஏலத்தோட்டத்துக்குக் கிளம்பும் ஜீப்புகளில் அரசியல் பேச்சு அடிபட்டால், வினைச்சொல்லின் வாலைக் கவனிக்க வேண்டும். “வந்தாய்ங்க, கும்பிட்டாய்ங்க, போய்ட்டாய்ங்க.” மதுரை, தேனிப் பக்கத்துக்கே உரிய இந்த ‘ஆய்ங்க’ விசித்திரமான விகுதி. ‘வந்தான்’ என்றால் ஒருமை, மரியாதை கிடையாது. ‘வந்தாங்க’ என்றால் பலர் வந்திருக்கலாம், மரியாதைக்குரிய ஒருவரே வந்திருக்கலாம். ‘வந்தாய்ங்க’ என்பதில் பன்மை இருக்கிறது, மரியாதையை மட்டும் கழற்றி வைத்தாகிவிட்டது. பெயர் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. ஆனால் ஓட்டுக் கேட்டு வந்த கூட்டம் முழுவதற்கும் ஒரே மூச்சில் மதிப்பெண் போட்டாயிற்று. மேடை நாடகத்தின் கேலியைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் தொலைக்காட்சி. தமிழில் அரசியல் நையாண்டியின் அவமரியாதை வசைச்சொற்களில் குடியிருப்பதைவிட இந்த மாதிரி விகுதிகளில்தான் அதிகம் குடியிருக்கிறது. பதவியில் இருப்பவர் மீது அந்த விகுதியைப் போட வேண்டுமானால் நையாண்டிக்காரருக்கு ஓர் உறை வேண்டும். அந்த உறைக்குத்தான் உருவகம் என்று பெயர். உறையைப் பிடுங்கிவிட்டால் மிஞ்சுவது மரியாதையாக இருக்காது என்பதே இந்த வாரத்து வாதம்.

2022 பொங்கலுக்கு மறுநாள், ஜனவரி 15 அன்று, ஜீ தமிழின் ‘ஜூனியர் சூப்பர் ஸ்டார்ஸ்’ நிகழ்ச்சியில் இரண்டு சிறுவர்கள் ராஜாவாகவும் மந்திரியாகவும் வந்தார்கள். வேஷம் 2006-இல் சிம்புதேவன் இயக்கத்தில் வடிவேலு நடித்த ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’யிலிருந்து எடுத்தது. அந்தப் படமே பழைய அரண்மனைக்குள் நம் காலத்துக் குளிர்பான விளம்பரத்தைக் கொண்டுபோய் வைத்துக் கேலி செய்த படம். சிறுவர்கள் சொன்ன கதையில், ‘சிந்தியா’ என்றொரு நாட்டில் கறுப்புப் பணத்தை ஒழிக்க நாணயத்தைச் செல்லாது என்று அறிவித்துத் தோற்ற ராஜா வந்தார். அவர் கலர் கலராகக் கோட்டு மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுவதும், அரசுச் சொத்தை விற்பதும் வந்தன. பிரதமரின் பெயர் வரவில்லை. தமிழக பா.ஜ.க.வின் தகவல் தொழில்நுட்பப் பிரிவுத் தலைவராக இருந்த சி.டி.ஆர். நிர்மல்குமார் புகார் அனுப்பினார். ஜனவரி 17 அன்று ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஏழு நாளில் பதில் கேட்டுச் சேனலுக்கு நோட்டீஸ் விட்டது. இதில் வேடிக்கை ஒன்று உண்டு. சிறுவர்கள் முடிச்சுப் போட்டுத்தான் வைத்தார்கள். இந்த ராஜா இன்னார் என்று அதை அவிழ்த்து அரசாங்கத் தாளில் ஏற்றிய வேலையைச் செய்தது புகார்தான்.

கதை சொல்லத் தொடங்கும் எந்தப் பாட்டியும் ‘ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தார்’ என்று சொல்வதில்லை. ‘இருந்தான்’ என்றுதான் சொல்வாள். முடியாட்சி இருந்த காலத்திலும் அப்படித்தான் சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன். கதைக்குள் நுழைந்த ராஜாவுக்கு ‘ர்’ விகுதி கேட்டு யாரும் வழக்குப் போடுவதில்லை. நாட்டின் தலைவரை ‘வந்தான், செய்தான்’ என்று சொன்னால் அரங்கமே அதிரும். அவருக்கு அட்டைக் கிரீடம் வைத்துவிட்டால் அதே விகுதி தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. ராஜா வேஷம் என்பது ஒப்பனை மட்டும் அல்ல, இலக்கணம் தரும் ஓர் உரிமம். தெருக்கூத்தின் கட்டியங்காரனும், தோல்பாவைக்கூத்தின் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இந்த உரிமத்தில் பிழைத்தவர்கள். 1968-இல் சோ ‘முகமது பின் துக்ளக்’ நாடகத்தைப் போட்டபோது டெல்லி சுல்தானைக் கல்லறையிலிருந்து எழுப்பி வந்து நிறுத்தியதும் இதற்காகத்தான். சொல்ல வந்ததை விட்டு வேறொன்றைச் சொல்லி, சொல்ல வந்ததைக் கேட்பவரே எட்டிப் பிடிக்கும்படி விடுவதை நம் அணியிலக்கணம் பிறிதுமொழிதல் என்கிறது. அதில் பாதி வேலை கேட்பவருடையது. பள்ளிக்கூடத்தில் இரண்டு மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகிற இந்த அணிதான், தொலைக்காட்சியில் வரும் அரசியல் கேலிக்கு முதுகெலும்பு.

சட்டம் இந்த முதுகெலும்பில்தான் கை வைக்கிறது. 1995-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தின்கீழ் நடப்பில் உள்ள 1994-ஆம் ஆண்டு விதிகளில் ஆறாவது, நிகழ்ச்சிகள் எப்படி இருக்கக் கூடாது என்று பட்டியல் போடுகிறது. நல்ல ரசனைக்கும் கண்ணியத்துக்கும் ஒவ்வாதது கூடாது. ஆபாசமும் அவதூறும் கூடாது. அந்த வரிசையிலேயே, வேண்டுமென்று சொல்லப்படும் பொய்யான சாடைப் பேச்சும் அரை உண்மையும் கூடாது என்று வருகிறது. ‘பொய்யான’ என்ற சொல் இருக்கிறதே, உண்மையான சாடையை யார் தடுத்தார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் சிந்தியா நாட்டு ராஜாவின் கதை மெய்யா பொய்யா என்று எந்தத் தராசில் நிறுப்பது? அந்த ராஜா யார் என்று முதலில் முடிவு கட்ட வேண்டும். அதைப் படைத்தவர் சொல்லவில்லை. சாடையின் உண்மை பார்ப்பவரின் தலைக்குள் முடிகிறது. ஆக, விதி கடைசியில் விசாரிக்க வேண்டியது பார்வையாளரைத்தான். அது முடியாததால் சேனலைக் கேட்கிறது. அந்தப் பகுதியை நீக்கச் சேனல் ஒப்புக்கொண்டதாகவே செய்திகள் வந்தன. சண்டை போடாமல் விட்டதில் ஆச்சரியம் இல்லை. போட்டிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

உறை இல்லாமல் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. 2011 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. அணிக்காக வடிவேலு ஊர் ஊராகப் போய் விஜயகாந்தைத் தாக்கிப் பேசினார். தொலைக்காட்சிகள் அதை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்தன. திரையில் வடிவேலுவின் சிரிப்பெல்லாம் அடி வாங்குகிறவனின் சிரிப்பு. புலிகேசியிலும் அவர் தன்னையே கோமாளியாக்கிக் கொண்ட ராஜாதான். மேடையில் கிரீடம் இல்லை, கதை இல்லை. உயிரோடு இருக்கும், பெயர் உள்ள ஒரு மனிதர் மீது ஏகவசனம் நேராகப் போய் விழுந்தது. கூட்டம் சிரிக்கத்தான் செய்தது. தேர்தல் முடிவு வேறு மாதிரி வந்தது. அதன் பிறகு படவாய்ப்புகள் வறண்டு, 2014-இல் ‘தெனாலிராமன்’ வரும்வரை பெரிய வேடத்தில் அவரைக் காணவில்லை. அதிலும் அவருக்கு ராஜா வேஷம் இருந்தது என்பதை ஒரு தற்செயலாக மட்டும் சொல்லி வைக்கிறேன். அவர் வாய்ப்பு இழந்ததற்கு அரசியல் காரணங்கள் இருந்தன, சரி. ஆனால் பத்து ஆண்டு கழித்து அந்தப் பிரசாரத்திலிருந்து ஒரு வரியையாவது ரசித்துத் திரும்பச் சொல்கிறவரைக் கண்டுபிடிப்பது கடினம். புலிகேசியின் வரிகளோ இன்றும் டீக்கடையில் உலவுகின்றன.

உருவகம் என்பதாலேயே எல்லாம் நல்ல நையாண்டி ஆகிவிடாது. இதற்குப் போடியைவிடப் பொருத்தமான தொகுதி கிடைக்காது. 2011, 2016, 2021 என மூன்று தேர்தல்களில் தொடர்ந்து இங்கே வென்ற ஓ.பன்னீர்செல்வம் மூன்று முறை முதலமைச்சராக இருந்தவர், அளந்து பேசுகிறவர். அவருக்குக் கேலிக்காரர்கள் கொடுத்த உருவகம் மிக்சர். 1994-இல் வந்த ‘நாட்டாமை’ படத்தில், பெண் பார்க்கப் போன வீட்டில் சுற்றி என்ன நடந்தாலும் தலையிடாமல் மிக்சரை மென்றுகொண்டு உட்கார்ந்திருப்பாரே ஒருவர், அந்த மிக்சர். இது நல்ல உருவகம் என்பது என் கட்சி. ஆளின் நிறம், சாதி, படிப்பு எதையும் தொடாமல், அதிகாரத்தில் இருந்துகொண்டு பேசாமல் இருந்தார் என்ற ஒரு செயலை மட்டும் பிடித்துக்கொள்கிறது. செயல் மாறினால் உருவகமும் செல்லாமல் போக வேண்டும், போனது. 2017 பிப்ரவரி 7 இரவு மெரினாவில் ஜெயலலிதா நினைவிடத்தில் சுமார் நாற்பது நிமிடம் கண்மூடி உட்கார்ந்து எழுந்து அவர் வாய் திறந்தபோது, மிக்சர் கேலி நமத்துப்போனது. அவரே சொன்ன ‘தர்மயுத்தம்’ என்ற சொல் அதன் இடத்துக்கு வந்தது. ஆகஸ்டில் அணிகள் இணைந்து அவர் துணை முதல்வரானதும், கேலிக்காரர்கள் ஒன்றும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. அந்தச் சொல்லை அப்படியே திருப்பிச் சொன்னாலே போதுமானதாக இருந்தது.

அதே ஆண்டு ஏப்ரலில், போடியைத் தொட்டு ஓடும் கொட்டக்குடி ஆற்று நீரும் போய்ச் சேரும் வைகை அணையில், நீர் ஆவியாவதைத் தடுக்க அமைச்சர் செல்லூர் கே.ராஜு தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார். காற்று அவற்றைக் கரைக்குத் தள்ளிவிட்டது. தெர்மாகோல் அன்றைக்கே பொருள் என்ற நிலையிலிருந்து உருவகம் என்ற நிலைக்கு உயர்ந்தது. யோசிக்காமல் செய்த திட்டம் எதற்கும் இன்றுவரை அதுதான் பெயர். ஆனால் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் அந்தக் கேலி சீக்கிரமே அட்டையை விட்டு இறங்கி, அவருடைய மதுரைப் பேச்சின் மேல் ஏறிக்கொண்டது. அவர் ‘சொல்றாரு’ என்பதைச் சொல்லும் விதம் சிரிப்புக்கு உரியதாக ஆனபோது, சிரிக்கப்பட்டவர் அமைச்சர் மட்டும் அல்ல. அப்படியே பேசும் போடி ஜீப்புக்காரரும் சேர்த்துத்தான். நம் தொலைக்காட்சி நகைச்சுவையின் பெரிய நோய் இது. தலையைக் காய்கறிக்கும் முகத்தைப் பாத்திரத்துக்கும் ஒப்பிடுகிற உவமைகளை வருஷக்கணக்காகத் தின்று வளர்ந்த நாக்கு, அரசியலைத் தொட்டாலும் அதே ருசியைத் தேடுகிறது. உவமை இருக்கிறது, துணிச்சல் மாதிரி ஒன்றும் இருக்கிறது, அதிகாரத்தைப் பற்றிய ஒரு வார்த்தைகூட இல்லை.

போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளை ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் கதை வேறு. ஏலமலையின் லயங்களில் தமிழ்ச் சேனலும் மலையாளச் சேனலும் ஒரே பெட்டியில் ஓடுகின்றன. ஏசியாநெட்டில் 2000-இல் தொடங்கிய ‘முன்ஷி’, சில நிமிடமே ஓடுகிற அன்றாட அரசியல் கேலி. கட்சிக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளத்தக்க நாலைந்து பேர் அன்றைய செய்தியை வம்பளப்பார்கள். முன்ஷி கடைசியில் ஒரு பழமொழியைச் சொல்லி முடித்து வைப்பார். நமக்கு ஏன் இப்படி ஒன்று நிலைக்கவில்லை? சன், ஜெயா, கலைஞர், மக்கள், கேப்டன் என்று நம் சேனல்களில் பல, கட்சிகளோடும் அவற்றின் குடும்பங்களோடும் ஒட்டிப் பிறந்தவை. வீட்டுக்காரரைக் கேலி செய்ய வாடகைக்காரருக்குத் தைரியம் வராது. அதனால்தான் விஜய் டிவியின் ‘லொள்ளு சபா’ போன்ற கெட்டிக்கார நிகழ்ச்சிகூடப் படங்களைக் கிழித்ததே தவிர ஆட்சியைக் கிழிக்கவில்லை. இன்னொரு காரணமும் எனக்குத் தோன்றுகிறது, சிறியது. மலையாள வினைச்சொல் விகுதியை எப்போதோ உதிர்த்துவிட்டது. ‘வன்னு’ என்றால் வந்தான், வந்தாள், வந்தார் எல்லாமே. முதலமைச்சரைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லும்போது மலையாள நையாண்டிக்காரர் மரியாதையைப் பெயர்ச்சொல்லில் மட்டும் கவனித்தால் போதும். தமிழ் நையாண்டிக்காரருக்கு ஒவ்வொரு வாக்கியமும் ஒரு சுங்கச்சாவடி.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் வலுவானது, குழந்தைகளைப் பற்றியது. பத்து வயதுகூட ஆகாத பிள்ளைகளின் வாயில் அரசியலைத் திணித்தார்கள் என்று அந்தப் புகாரும் சொன்னது. பெரியவர்கள் தாங்களே சொல்ல அஞ்சியதைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றார்கள் என்றால் அது கோழைத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே வயதுப் பிள்ளைகள் பெரியவர்களின் காதல் பாட்டுக்கு இடுப்பை ஆட்டும் நிகழ்ச்சிகள் ஆண்டுக்கணக்கில் ஓடியபோது, ஏழு நாளில் பதில் கேட்ட அவசரம் தென்படவில்லை. இன்னொரு ஆட்சேபம் நேர் எதிர்த் திசையிலிருந்து வரும்: சாடை எதற்கு, எம்.ஆர்.ராதா முகத்துக்கு நேரே சொல்லவில்லையா? சொன்னார். ஆனால் அதற்கு அவர் கொடுத்த விலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவருடைய நாடகங்களை மனதில் வைத்தே 1954-இல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது என்பது நாடக உலகம் அறிந்தது. அந்தச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதென்று சொல்ல 2013 ஆனது. வழக்குப் போட்டவர் ஞாநி. ராதாவின் நெஞ்சுரத்தை எல்லோரிடமும் வரியாக வசூலிக்க முடியாது. சாதாரணத் துணிச்சல் உள்ளவரும் பேசுவதற்குத்தான் பிறிதுமொழிதல் இருக்கிறது.

கடைசியாக, கண்ணியம் என்ற சொல் யாருக்காகப் பேசுகிறது என்று பார்க்க மறுபடி அந்த மலைக்கே போகலாம். 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டங்களில் கூலிக்காகத் திரண்ட பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், ‘பொம்பளை ஒருமை’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். 2017 ஏப்ரலில், ஏலக்காய் விளையும் உடும்பன்சோலைத் தொகுதியின் எம்.எல்.ஏ.வும் கேரள மின்துறை அமைச்சருமான எம்.எம்.மணி, அந்தப் போராட்ட நாட்களைப் பற்றிப் பேசும்போது பெண்களின் ஒழுக்கத்தைச் சாடையாக இழுத்தார். பெண்கள் மூணாறு வீதியில் உட்கார்ந்தார்கள். மணி வருத்தம் தெரிவித்தார்; அது கிராமத்துப் பேச்சுப் பாணி என்று முதல்வர் பினராயி விஜயன் சமாதானம் சொன்னார். மேலிருந்து கீழே விழும் சாடைக்கு வட்டார வழக்கு என்று சலுகை. கீழிருந்து மேலே போகும் சாடைக்கு நோட்டீஸ். மணியின் பேச்சு, உத்தரப் பிரதேச அமைச்சர் ஒருவரின் பேச்சோடு சேர்ந்து உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வுக்குப் போனது. அமைச்சர் பேசியதற்காக அரசைப் பொறுப்பாக்க முடியாது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. நீதிபதி நாகரத்னா மட்டும் மாறுபட்டுத் தனியாக எழுதினார். அந்தத் தீர்ப்பின் தேதி 2023 ஜனவரி 3. பேச்சுக்கும் தீர்ப்புக்கும் நடுவே ஐந்து ஆண்டு, எட்டு மாதம். சிந்தியா நாட்டு ராஜாவின் கதைக்கும் நோட்டீஸுக்கும் நடுவே இரண்டு நாள்.