ஆஸ்பத்திரியில் உனக்கு என்ன வேலை?

டீயை எடுத்துக்கொள் கண்ணு, நிதானமாகப் பேசுவோம். பிளஸ் ஒன் லீவில் ஆஸ்பத்திரிக்குத் தொண்டு செய்யப் போகணும் என்கிறாய். ஏன் என்று கேட்டால் மூன்று காரணம் சொல்கிறாய்: டாக்டராகும் ஆசை, நாலு பேருக்கு உதவணும், பாட்டி வார்டில் இருந்தபோது நீ பார்த்தது.

முதலாவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்கு மனு போடும்போது இப்படித் தொண்டு செய்த அனுபவத்தையும் பார்ப்பார்கள். இங்கே எம்.பி.பி.எஸ். சேர நீட் மதிப்பெண்தான். ஆஸ்பத்திரி தரும் சான்றிதழ் அதில் ஒரு மார்க்கைக்கூட ஏற்றாது. ஆனால் வார்டின் நெடியும் ராத்திரி வலியில் கத்துகிறவரின் குரலும் உனக்கு ஒத்துவருமா என்று பதினாறு வயதிலேயே தெரிந்துகொள்வது பெரிய லாபம். அதற்காகப் போவதில் தப்பே இல்லை.

உதவணும் என்கிறாயே, அதில்தான் எனக்குப் பயம். இரக்கம் மட்டும் இருந்தால் ஆஸ்பத்திரியில் ஆபத்து. சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்துகொள்பவர் தாகமாக இருக்கிறது என்று கேட்பார். நீ ஆசையாக இளநீர் வாங்கிக் கொடுப்பாய். இளநீரில் பொட்டாசியம் அதிகம். அவருடைய சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடலாம். ஆபரேஷனுக்கு வெறும் வயிற்றோடு படுத்திருப்பவருக்கு ஒரு டம்ளர் பால் கொடுத்தாலும் விபரீதம்தான். மயக்கத்தில் இருக்கும்போது அது மேலேறி நுரையீரலுக்குள் போகலாம். அதனால் ஆபரேஷனையே தள்ளிவைத்துவிடுவார்கள். சிஸ்டரைக் கேட்காமல் ஒரு வாய்த் தண்ணீர்கூடத் தராதே.

பாட்டிக்குத் துணையாக இருந்தபோது பார்த்ததாகச் சொன்னாயே, அதுதான் உன் உண்மையான காரணம் என்று நினைக்கிறேன். பெரிய அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு ஒரு இடம், டாக்டர் ஒரு இடம், ரத்தம் எடுப்பது வேறு கட்டடம், ரிசல்ட் வாங்க இன்னொரு ஜன்னல், கடைசியில் மருந்து வரிசை. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அம்மா தனியாக வந்தால், கையில் சீட்டை வைத்துக்கொண்டு எதிரே வருகிற ஒவ்வொருவரிடமும் நீட்டிக்கொண்டே நிற்பார். தப்பான வரிசையில் ஒரு மணி நேரம் நின்றால் அன்றைய ஓ.பி. முடிந்துவிடும். மறுபடி பஸ் செலவு, மறுபடி ஒரு நாள் கூலி போகும். டாக்டருக்கும் சிஸ்டருக்கும் அவரோடு நடந்துபோக நேரமில்லை. உனக்கு இருக்கிறது. கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு இயக்கமும் உன்னைப் போன்ற சாதாரண மனிதர்களுக்குப் பயிற்சி கொடுத்தே வளர்ந்தது.

வழி காட்டும்போது ஓ.பி. சீட்டில் இருக்கிற நோயை நீயும் படித்துவிடுவாய். அதை வீட்டில்கூடச் சொல்லக் கூடாது, உன் சிநேகிதிகளிடமும்தான். எச்.ஐ.வி. இருப்பவரின் விவரத்தைக் காக்க 2017-இல் தனிச் சட்டமே வந்தது. ஆனால் சட்டம் இல்லாவிட்டாலும் அது அவருடைய சங்கதி. போனைப் பைக்குள்ளேயே வை. வார்டில் செல்ஃபி வேண்டவே வேண்டாம்.

இனி ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுது. சேவை மனப்பான்மை என்று இரண்டு பக்கம் வேண்டாம். சனிக்கிழமை காலையில் வர முடியும், ஓ.பி.யில் வழி காட்டுவேன், படிவம் நிரப்பித் தருவேன், தெலுங்கும் பேசுவேன் என்று எழுது. அப்பா அம்மா சம்மதக் கையெழுத்தைச் சேர். சளி, காய்ச்சல் இருக்கிற நாளில் வரமாட்டேன் என்றும் ஒரு வரி போடு. படிக்கிறவருக்கு உன்மேல் நம்பிக்கை வரும்.