வரித்துறையின் கடிதமும் நமது மௌனமும்

அரசு முத்திரை தாங்கிய கடிதம் ஒன்று வந்துவிட்டால் நம் குடும்பங்களில் பலர் கலங்கிவிடுகின்றனர். "பிறகு பார்த்துக்கொள்வோம்" என்று அதனைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவோரும் உண்டு. வருமான வரித்துறையின் அறிவிப்பைப் பொறுத்தவரை இவ்வழக்கம் பெருந்தீங்கு விளைவிப்பதாகும். அறிவிப்பு என்பது தீர்ப்பன்று. அது ஒரு கேள்வி. அதற்கு விடையளிக்காதிருப்பதே தனித்த தவறாகிவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். சிற்றூர்வாசி ஒருவர் மகளின் திருமணத்திற்காகத் தம் நஞ்சை நிலத்தை விற்று, அப்பணத்தை வங்கியில் செலுத்துகிறார். நகர எல்லையிலிருந்து சட்டம் குறித்துள்ள தொலைவுக்கு அப்பாலுள்ள விளைநிலம் மூலதனச் சொத்தாகக் கருதப்படுவதில்லை. ஆதலின் மூலதன ஆதாய வரி அவருக்கு இல்லை. ஆயினும் பெருந்தொகை வங்கியில் சேர்ந்த செய்தி வரித்துறைக்கு எட்டுகிறது. "பணம் வந்த வழி யாது? ஆவணங்களைக் காட்டுக" என அதிகாரி கேட்கிறார். கிரயப் பத்திரம், பட்டா, அடங்கல், வங்கிக் கணக்கேடு ஆகியவற்றின் நகல்களை அனுப்பி விளக்கமளித்தால் அவருக்கு அச்சமில்லை. வாளாவிருந்தாலோ நிலைமை வேறு.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 142(1), 143(2) பிரிவுகளின்படி அனுப்பப்படும் அறிவிப்புகளுக்கு இணங்காவிடில், 272ஏ பிரிவு ஒவ்வொரு தவறுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. செலுத்தவேண்டிய வரி சிறிதா பெரிதா என்பது இங்கே கணக்கில் இல்லை. மூன்று அறிவிப்புகளைப் புறக்கணித்தால் 30,000 ரூபாய் வரை போகலாம். அதனினும் கொடியது 144ஆம் பிரிவு. ஆவணம் கிட்டாத நிலையில், தம்மிடமுள்ள தகவல்களைக் கொண்டு அதிகாரியே வருமானத்தை மதிப்பிடுவார். நிலம் விற்ற பணம் விளக்கமற்ற வருமானமாகக் கொள்ளப்பட்டால், இல்லாத வரி வட்டியுடன் தலைமேல் ஏறும்.

2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருமாறு 2025இல் புதிய வருமான வரிச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் அதற்கு முந்தைய ஆண்டுகளின் வருமானத்திற்குப் பழைய சட்டமே பொருந்தும்.

சட்டத்தில் இரக்கத்திற்கும் இடமுண்டு. தவறுக்குத் தக்க காரணம் இருந்ததென மெய்ப்பித்தால் அபராதம் கூடாதென்று 273பி பிரிவு கூறுகிறது. நோயுற்று மருத்துவமனையில் இருந்தவர் மருத்துவச் சான்றையும், வெள்ளத்தில் பத்திரங்களை இழந்தவர் அதற்கான சான்றையும் காட்டவேண்டும். அபராதம் விதிக்குமுன் நம் தரப்பைக் கேட்பதும் அதிகாரியின் கடமை. விதித்த பின்னரும், ஆணை கிடைத்த 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். வேண்டுமென்றே சட்டத்தை மீறியவர் அல்லது நேர்மையற்று நடந்தவர் அல்லாதார்மீது பொதுவாக அபராதம் விதிக்கலாகாது என்று, ஹிந்துஸ்தான் ஸ்டீல் நிறுவனத்தின் விற்பனை வரி வழக்கில் 1969இலேயே உச்சநீதிமன்றம் நெறி வகுத்தது. ஆனால் வாய் திறவாதவரின் நேர்மையை யார் அறிவார்?

இன்னொன்றையும் கருத்திற்கொள்வோம். இக்காலத்தில் அறிவிப்புகள் பெரும்பாலும் மின்னஞ்சல் வழியாகவும் துறையின் இணையதளத்திலுமே வருகின்றன. படிவம் நிரப்பிக் கொடுத்தவரின் மின்னஞ்சல் முகவரி அங்குப் பதிவாகியிருந்தால், கடிதம் நம் கண்ணில் படாமலே கெடு கடந்துவிடும். எனவே நம் சொந்த முகவரியையே பதிவு செய்யவேண்டும். 2019 அக்டோபர் 1 முதல் துறையின் கடிதங்களுக்கு ஆவண அடையாள எண் உண்டு. அதனைத் துறையின் இணையதளத்தில் சரிபார்த்து, கடிதம் மெய்யானதுதானா என்று அறியலாம். ஆவணம் திரட்ட நாள் போதாவிடில், கெடு முடியுமுன் எழுத்து மூலம் அவகாசம் கேட்பது நன்று.

குடும்பத் தலைவர் மறைந்தால், அவர்தம் வரிப் பொறுப்பு அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கு வாரிசுகளைச் சேரும். அந்நாளில் பத்திரம் எங்கே, கணக்கேடு எங்கே என்றறியாமல் மனைவி மக்கள் தவித்தல் தகுமோ? இன்றே அனைவரையும் அமர்த்தி, ஆவணங்கள் இருக்குமிடத்தைக் காட்டிவிடுங்கள். கடிதம் வந்தால் அன்றே பிரித்துப் படியுங்கள். உரிய நாளுக்குள் உண்மையை எழுதி அனுப்புங்கள்.