பீட் கேரலும் பின்வரிசைக் காவலரும்

அமெரிக்கக் கால்பந்தில் மிகக் கடினமான பணி எது என்று கேட்டால், பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் பணி என்றே பலரும் சொல்வர். உடலியக்க அறிவியலின் வழியே நோக்கினால் விடை மாறும். எறிபவன் தான் செய்யப்போவதை அறிந்தவன். அதைப் பிடிக்க ஓடும் ரிசீவரும் தன் பாதையை அறிந்தவன். அவர்களுக்கு எதிரே நிற்கும் பின்வரிசைக் காவலன் ஒருவனே இவற்றில் எதையும் அறியாமல், பெரும்பாலும் பின்னோக்கி நகர்ந்தபடி ஆட்டத்தைத் தொடங்குகிறான்.

கண் கண்டதற்கு உடல் மறுவினை புரியத் தொடங்க ஏறத்தாழ ஐந்தில் ஒரு நொடி ஆகும். நொடிக்கு 9 மீட்டர் விரையும் ரிசீவர் அதற்குள் 1.8 மீட்டர் கடந்துவிடுவான். தேர்ந்த எறிவாளனுக்கு அவ்வளவு இடைவெளி போதும். காவலன் எவ்வளவு வேகமாக ஓடினாலும் இந்தக் காலக்கடனை ஓட்டத்தால் மட்டும் அடைக்க முடியாது. வேறு வழி வேண்டும். அந்த வழியைக் கற்பிப்பதில் கடந்த கால் நூற்றாண்டில் சிறந்து நின்றவர்களுள் முதன்மையானவராக நான் கருதுவது பீட் கேரலை.

1951இல் சான்பிரான்சிஸ்கோவில் பிறந்த கேரல், பசிபிக் பல்கலைக்கழக அணியில் சேஃப்டி என்னும் கடைக்காவல் இடத்தில் ஆடியவர். பயிற்சியாளரான பிறகும் அந்தப் பின்வரிசையே அவருடைய களமாயிற்று. மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணியின் பின்வரிசைப் பயிற்சியாளராக இருந்து, பின்னர்த் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழக அணியை வழிநடத்தி, 2010இல் சியாட்டில் சீஹாக்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். 2012 முதல் 2015 வரை நான்கு பருவங்களிலும் தொழில்முறை அணிகளிலேயே மிகக் குறைந்த புள்ளிகளை விட்டுக்கொடுத்தது அந்த அணி. ஒரே பருவத்தில் 606 புள்ளிகள் குவித்து வரலாறு படைத்த டென்வர் அணியை, 2014 பிப்ரவரி 2 அன்று சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில் 43-8 என வீழ்த்தியது.

அந்தப் பின்வரிசையினர் எங்கிருந்து வந்தனர் என்பதே வியப்புக்குரியது. கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச்சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் ஆண்டுத் தெரிவில் எர்ல் தாமஸ் மட்டுமே முதற்சுற்றுக்கு உரியவர். கேம் சான்சலர் 2010 தெரிவில் 133ஆம் இடம். ரிச்சர்ட் ஷெர்மன் 2011இல் 154ஆம் இடம். பிராண்டன் பிரவுனரை எந்த அணியும் தெரிவு செய்யவே இல்லை. கனடா சென்று கல்கரியில் ஆடிக்கொண்டிருந்தவரைக் கேரல் அழைத்துக்கொண்டார். ஷெர்மனோ ஸ்டான்போர்டில் பல ஆண்டுகள் ரிசீவராக இருந்து, பின்னரே களத்தின் பக்க ஓரத்தைக் காக்கும் ஓரக் காவலுக்கு மாறியவர். நாற்பது கெஜ ஓட்டத்தில் அவர் எடுத்த நேரம் நாலரை நொடிக்குச் சற்று மேல். ஓரக் காவலனுக்கு அது மந்தம் என்று பிற அணிகள் எண்ணின.

கேரல் தேடியது உயரத்தையும் கை நீளத்தையும். ஷெர்மன் ஏறத்தாழ 191 செ.மீ., பிரவுனர் 193 செ.மீ. ஆட்ட விதிப்படி, தொடக்கக் கோட்டிலிருந்து ஐந்து கெஜத்துக்குள் காவலன் ரிசீவரின் மேல் கைவைத்துத் தடுக்கலாம். அந்தச் சிறு வெளியில் நீண்ட கை என்பது வாங்கிய காலத்துக்குச் சமம். ஆனால் நீளம் ஓர் இடரையும் தரும். உயர்ந்த உடலின் ஈர்ப்பு மையமும் உயரத்தில் இருக்கும். அப்படிப்பட்டவன் முன்னே பாய்ந்து கையை வீசி இலக்குத் தவறினால், உடற்பாரம் பாதங்களின் எல்லையைத் தாண்டிச் சரியும். அதை மீட்டெடுக்க ஓரிரு அடிகள் வேண்டும். அதற்குள் ரிசீவர் போயிருப்பான்.

இங்கேதான் கேரலின் கலை தொடங்குகிறது. அவரும், அவரிடம் முன்பு ஆடிப் பின் சியாட்டிலில் பயிற்சியாளராகச் சேர்ந்த கிரிஸ் ரிச்சர்டும் கற்பித்த காலடி முறையில் முதல் பாடம் பாயாதிருத்தல். ரிசீவரின் முகத்துக்கு நேரே நிற்கும் காவலன், பந்து எழுந்தவுடன் பக்கவாட்டில் ஒரு சிற்றடி மட்டும் வைக்கிறான். கை இன்னும் நீளவில்லை. எதிரே தோள் ஆடும், தலை ஆடும், கால்கள் தரையில் படபடக்கும். அவை யாவும் ஏமாற்று. இடுப்பு திரும்பினால்தான் அவன் போகும் திசை உறுதி. அது திரும்பிய கணத்தில் காவலன் அந்தப் பக்கக் காலைப் பின்னுக்கு உதைத்து, தன் இடுப்பையும் திறந்து, நீண்ட கையை அவன் மார்பில் பதித்தபடி உடன் ஓடுகிறான். எழுதிப் படிக்க இது எளிது. எதிரி அசையும்போது அசையாதிருக்க நரம்புகளைப் பழக்குவது மிகக் கடினம்.

கண்ணைப் பழக்குவது இதன் மறுபாதி. புரூஸ் அபர்னெதியும் டேவிட் ரசலும் 1987இல் இறகுப்பந்தை வைத்துச் செய்த ஆய்வொன்று இங்கே துணை நிற்கும். அடிக்கும் காட்சியைப் படமாக்கி, வெவ்வேறு கணங்களில் துண்டித்துக் காட்டி, பந்து எங்கே விழும் என்று கேட்டனர். புதியவர்கள் மட்டையின் அசைவிலிருந்தே குறிப்பறிந்தனர். தேர்ந்தவர்கள் மட்டையோடு கையின் அசைவையும் படித்து, முன்கூட்டியே சொல்லிவிட்டனர். தேர்ந்தவனின் மறுவினை நரம்பு மற்றவனுடையதைவிட விரைவானதன்று; அவன் படிக்கத் தொடங்கும் இடம் முந்தையது. இடுப்பைப் பார் என்று கேரலின் பள்ளி கற்பித்ததன் பொருளும் இதுவே.

தெரிவுகள் பெருகப் பெருக மறுவினைக் காலம் நீள்கிறது என்று வில்லியம் ஹிக் 1952இல் காட்டியதையும் சேர்த்து எண்ணவேண்டும். பல அணிகள் தம் சிறந்த ஓரக் காவலனை எதிரணியின் சிறந்த ரிசீவர் பின்னே களமெங்கும் அனுப்புகின்றன. கேரல் ஷெர்மனைப் பெரும்பாலும் இடப்பக்கத்திலேயே நிறுத்தினார். அவர் விரும்பிய காப்பமைப்பில் களத்தின் ஆழம் மூன்று பங்காகும், 48.8 மீட்டர் அகலத்தில் ஒருவருக்குப் பதினாறு மீட்டர் சொச்சம். ஒருபுறம் எல்லைக்கோடு, மறுபுறம் நடுவே எர்ல் தாமஸ். காவலன் தனக்குள் விடைதேட வேண்டிய வினாக்கள் குறைந்துபோயின. ஒரே பக்கத்தில் ஒரே வடிவங்களை ஆயிரமாயிரம் முறை கண்ட கண், அடுத்ததை முன்னுரைக்கத் தொடங்கியது.

இது ஆசானின் திறமா, அமைப்பின் திறமா, வீரனின் திறமா? இதனைச் சோதிக்க 2015ஆம் ஆண்டே ஓர் அரிய வாய்ப்பைத் தந்தது. சியாட்டிலில் ஆறாம் சுற்றில் தெரிவாகி வளர்ந்த பைரன் மேக்ஸ்வெல், பெருந்தொகைக்குப் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணிக்குச் சென்றார். அதே பிலடெல்பியா விடுவித்த கேரி வில்லியம்ஸ், அவர் இடத்தை நிரப்பச் சியாட்டிலுக்கு வந்தார். ஆய்வாளர் ஒருவர் திட்டமிட்டாலும் இவ்வளவு நேர்த்தியான இடமாற்றம் அமையாது. முன்பே ஒரு சூப்பர் பவுல் வென்ற அனுபவசாலியான வில்லியம்ஸுக்குச் சியாட்டிலின் காலடி முறை கைவரவில்லை. பருவம் முடியும் முன்பே விடுவிக்கப்பட்டார். மேக்ஸ்வெலும் புதிய இடத்தில் சோபிக்கவில்லை. ஓராண்டில் மயாமிக்கு மாற்றப்பட்டார். பழகிய உடலில் ஏற்கெனவே பதிந்த அசைவு, புதிய அசைவோடு போரிடும். ஷெர்மனைப் போன்ற புதியவனுக்கு அழிக்க வேண்டிய பழக்கம் குறைவு. பின்னே தாமஸ் நிற்கிறார் என்ற நம்பிக்கையோடு கற்ற பொறுமை, அவர் இல்லாத களத்தில் தடுமாறும். இரு நிகழ்வுகளும் சிறிய சான்றுகளே, எனினும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

எதிர்ச்சான்றையும் மறைக்கக் கூடாது. 2015 பிப்ரவரி 1 அன்று சூப்பர் பவுலின் கடைசிக் கணங்களில், வெற்றிக் கோட்டுக்கு ஒரு கெஜம் முன்னே சியாட்டில் எறிந்த பந்தை நியூ இங்கிலாந்தின் மால்கம் பட்லர் பறித்தார். அவருக்கு வழிவிட்டது, தொடக்கக் கோட்டிலேயே ரிசீவர் ஜெர்மைன் கியர்சை நகரவிடாமல் நிறுத்திய ஒரு காவலரின் கைகள். அந்தக் காவலர் பிராண்டன் பிரவுனர். முந்தைய பருவம் வரை கேரலிடம் இருந்தவர். அவருடைய வித்தை அணி மாறியும் உடன் வந்திருந்தது.

கேரலின் பணியில் நான் மிக மதிப்பது, பலரும் பேசாத ஒன்று. எதிரியைத் தழுவி வீழ்த்தும் முறையை அவர் ரக்பி ஆட்டத்திலிருந்து எடுத்து மாற்றினார். தலையை முன்னே நீட்டி மோதும் வழக்கத்தை விடுத்து, தோளால் தொடையைத் தாக்கி, கைகளால் கட்டி, உருண்டு வீழ்த்துவது அது. 2014இல் இதைக் காணொளியாக்கிப் பள்ளி, கல்லூரிப் பயிற்சியாளர் அனைவரும் காணப் பொதுவில் வெளியிட்டார். மூளை அதிர்வுக்குத் தலை சட்டென்று சுழல்வது பெருங்காரணம்; மோதலிலிருந்து தலையை விலக்குவது அந்தக் காரணத்தையே குறைக்க முயல்வது. வெற்றி தேடும் ஒருவர் தம் முறையைப் போட்டியாளர்க்கும் சிறுவர்க்கும் திறந்துவைத்தது பெருமைக்குரிய செயல்.

மீண்டும் ஓரக் காவலுக்கு வருவோம். அறிவியலில் ஒரு முடிவு நிலைபெற மறுசோதனை வேண்டும். 2022 தெரிவின் ஐந்தாம் சுற்றில், 153ஆம் இடத்தில், சியாட்டில் தாரிக் உலனைத் தேர்ந்தது. 193 செ.மீ. உயரம், கல்லூரியில் ரிசீவராகத் தொடங்கி ஓரக் காவலுக்கு மாறியவர். ஷெர்மனைப் போலன்றி மிக விரைந்து ஓடுபவர் என்பதால் சோதனை முழுத் தூய்மையானதன்று. ஷெர்மனைத் தெரிவு செய்து பதினோராண்டு கடந்திருந்தது. தலைமைப் பயிற்சியாளர் மட்டும் மாறவில்லை. தம் முதற்பருவத்திலேயே உலன் ஆறு பந்துகளைப் பறித்து, அந்த ஆண்டின் உச்ச எண்ணிக்கையைத் தொட்டவர்களுள் ஒருவரானார்.