கருத்துப்போன காசைப் புளி போட்டுத் தேய்க்காதீங்க!



திருப்பதிக்கு நேர்ந்துகொண்டதை நம்ம திருவந்திபுரம் தேவநாத சுவாமிக்குச் செலுத்துகிற வழக்கம் இந்தப் பக்கத்தில் உண்டு. அப்படி மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காசு, பாட்டி பெட்டியில் போட்டு வைத்த வெள்ளி ரூபாய், ஓட்டைக் காலணா என்று பல வீடுகளில் பழைய காசு இருக்கும். பொங்கலுக்கு வீட்டை ஒழிக்கும்போது எடுத்துப் பார்த்தால் கருத்துக் கிடக்கும். "ஐயோ, அழுக்கு புடிச்சுப் போச்சே" என்று புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து விடுகிறோம். பாத்திரத்துக்கு அது சரி. காசுக்குச் சரியில்லை. காசு சேகரிப்பவர்கள் தேய்த்த காசுக்கு விலையைக் குறைத்து விடுவார்கள். ஏன் என்று பார்ப்போம்.

கருப்பு எங்கிருந்து வருகிறது?

அது வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு அல்ல. சாக்கடை வாடை, அடுப்புப் புகை, முட்டை, ரப்பர் இவற்றில் எல்லாம் கந்தகம் இருக்கிறது. அது வெள்ளியோடு சேர்ந்து மேலே ஒரு மெல்லிய படலமாகிறது. நம்ம கொலுசு கருப்பதும் இதனால்தான். படலம் மெல்லியதாக இருக்கும்போது இளமஞ்சள் நிறம். வருஷம் போகப் போகச் செம்பழுப்பு, ஊதா, நீலம் என்று மாறி, கடைசியில் கருப்பாகும். மழைத்தண்ணியில் எண்ணெய் சிந்தினால் வானவில் நிறம் தெரியுமே, அந்த மாதிரிதான் இதுவும்.

செம்புக் காசு வேறு மாதிரி. புதிதில் சிவப்பாக இருக்கும், பிறகு பழுப்பாகும். இந்தப் பழுப்பு காசுக்கு ஒரு தோல் மாதிரி. உள்ளே இருக்கும் செம்பைக் காக்கும். ஆனால் உப்பும் ஈரமும் சேர்ந்தால் பச்சைக் களிம்பு வரும். கடலூர்ப் பக்கம் கடல்காற்று வீசுவதால் நாம் இதில் கவனமாக இருக்க வேண்டும். வெளிர் பச்சையில் மாவு மாதிரி உதிர்ந்தால் அது காசையே அரிக்கிற நோய். அந்தக் காசை மற்ற காசுகளோடு வைக்காமல், ஈரமில்லாத இடத்தில் தனியாக வைத்து, விஷயம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

தேய்த்தால் என்ன நஷ்டம்?

அந்தப் படலம் காசின் சொந்த வெள்ளியால் ஆனது. அதைத் தேய்த்து எடுத்தால் வெள்ளியும் கூடவே போகும். சாம்பலும் பல்பொடியும் கீறல் போடும். எழுத்து மழுங்கும். கீறல் விழுந்தால் விழுந்ததுதான், திரும்பச் சரியாகாது. ஒரே சீராகப் படிந்த நிறத்தை, 'இந்தக் காசை யாரும் கைவைத்துக் கெடுக்கவில்லை' என்பதற்கு அடையாளமாகச் சேகரிப்பவர்கள் பார்க்கிறார்கள். திட்டுத்திட்டாகவோ அட்டைக் கருப்பாகவோ இருந்தால் அவ்வளவாக விரும்ப மாட்டார்கள். மருந்து போட்டும் சூடு காட்டியும் நிறம் ஏற்றி விற்பவர்களும் உண்டு.

கருத்த காசு எல்லாமே லட்சம் பெறும் என்று நினைக்க வேண்டாம். எந்த வருஷம், எந்தச் சாலையில் அச்சடித்தது, எவ்வளவு தேய்ந்தது என்பதுதான் முதலில். நிறம் அதற்குப் பிறகுதான்.

வெள்ளி எவ்வளவு?

விக்டோரியா ராணி, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட ஒரு ரூபாய் 11.66 கிராம் எடை. 12 பங்கில் 11 பங்கு வெள்ளி. அதாவது சுத்த வெள்ளி மட்டும் 10.5 கிராமுக்கு மேல். 1940 முதல் 1945 வரை வந்த ரூபாயில் பாதிதான் வெள்ளி. 1947 ரூபாய் வெறும் நிக்கல். அவசரத்துக்கு விற்க நேர்ந்தால் வருஷத்தைப் பார்த்து, எடை போட்டு, இரண்டு இடத்தில் விலை கேளுங்கள். குழுவில் ஒருவரைத் துணைக்குக் கூட்டிப் போங்கள்.

எப்படி வைப்பது?

* காசின் ஓரத்தைப் பிடித்து எடுங்க. முகத்தில் விரல் பட்டால் வியர்வைத் தடம் நாளடைவில் கறையாகும்.
* ரப்பர் பேண்டு போடாதீங்க. வெள்ளியில் கருப்புக் கோடு விழும்.
* மெல்லிய பிளாஸ்டிக் (பிவிசி) கவரில் வைத்தால் நாளாக ஆகப் பச்சைப் பிசுக்கு ஏறும். அதுவும் வேண்டாம்.
* ஒவ்வொரு காசையும் தனித்தனியாக, உலர்ந்த டப்பாவில் போட்டு, அடுப்படிக்குத் தள்ளி வையுங்க. மருந்து பாட்டிலில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டால் ஈரத்தை இழுக்கும்.
* மண் ஒட்டியிருந்தால் நல்ல தண்ணியில் ஊறவிட்டு, தேய்க்காமல் பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

மண்ணில் கிடைத்தால்?

தென்பெண்ணை ஆற்றில் சங்ககால மலையமான் காசுகள் கிடைத்திருக்கின்றன. இப்படிப்பட்ட காசில் ஓர் எழுத்து அழிந்தாலும் ஒரு சரித்திரம் போன மாதிரி. கிணறு, குளம் வெட்டும்போது புதையல் காசு கிடைத்தால் கழுவ வேண்டாம். 1878 ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் உடனே சொல்லுங்கள்.

ஏமாறாதீங்க!

"உங்க பழைய காசுக்கு லட்ச ரூபாய் தர்றோம், முதல்ல கமிஷன் கட்டுங்க" என்று போன் வந்தால் நம்ப வேண்டாம். ரிசர்வ் வங்கி பேரைச் சொல்லிப் பணம் கேட்கிறார்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. பழைய காசு வாங்கும் விற்கும் வேலையை ரிசர்வ் வங்கி செய்வதில்லை; அதற்குக் கமிஷனும் கேட்பதில்லை. பணம் கட்டி ஏமாந்திருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேளுங்கள். வீட்டில் பெரியவர்களிடமும் மறக்காமல் சொல்லுங்கள். புளியோடு காத்திருப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்!